கொழுந்து ஒரு கிலோ, தூள் எத்தனை கிராம்?

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்துக் கொழுந்தைக் கிள்ளித் தாங்களே தேயிலை செய்துபார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஒருமுறை சாயம் நல்ல சிவப்பாக, மணமாக இறங்குகிறது. அடுத்த முறை அதே செடி, அதே கை, ஆனாலும் பச்சை வாடை போகவில்லை. தூளும் ஒருமுறை கூடுகிறது, ஒருமுறை குறைகிறது. கைப்பக்குவத்தைக் குறைசொல்லத் தேவையில்லை. இது தராசு இல்லாமல் செய்வதால் வருகிற குறை. கிராம் காட்டும் சிறிய தராசும் ஒரு கொப்பியும் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கையால் தேயிலை செய்வது இந்த மலைக்குப் புதிதல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் கலஹாவுக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே தொடக்க காலத் தேயிலை பங்களா விறாந்தையில், மேசைமேல் கையால் உருட்டப்பட்டு, கரி அடுப்புக்கு மேல் கம்பித் தட்டில் உலர்த்தப்பட்டது. பெக்டரி பிறகு வந்தது. ஆகவே வீட்டில் நல்ல தேயிலை வருமா என்று சந்தேகப்பட வேண்டாம், வரும்.

முதலில் கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டும், நகம் பட்டதும் ஒடிகிற பதத்தில் வேண்டும். மொட்டு அடங்கிப்போன பஞ்சியும் முற்றிய இலையும் கலந்தால், பின்னால் எவ்வளவு பாடுபட்டாலும் சாயம் ஏறாது. மருந்து அடித்த செடியானால், போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியும்வரை தொடக்கூடாது. பறித்ததைப் பொலித்தீன் பையில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். அந்த இலையைத் திருத்த வழியே இல்லை.

இனி நிறை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம். நன்றாக உலர்ந்த தேயிலையில் மிஞ்சுவது மூன்று சதவீதம். நடைமுறையில் ஒரு கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய 210 முதல் 230 கிராம்வரைதான் தேயிலை வரும். ஒருவர் 260 கிராம் எடுத்தேன் என்று மகிழ்ந்தால், அதிகப்படியாகப் பெரும்பாலும் ஈரம்தான் இருக்கும். சில கிழமைகளில் அது பூஞ்சணம் பிடிக்கும். 180 கிராம்தான் வந்தது என்றால், மழையில் நனைந்த கொழுந்தை அப்படியே நிறுத்திருப்பார். இலைமேல் ஒட்டிய தண்ணீரும் கிலோவில் சேர்ந்துவிடுமல்லவா? ஈரக் கொழுந்தை ஃபேன் காற்றில் விரித்து, மேல்தண்ணீர் போன பிறகு நிறுங்கள். அந்த எண்தான் உங்கள் கணக்கின் தொடக்கம்.

அதிகமாகக் கோட்டை விடுவது வாட்டுவதில்தான், ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன். பழைய பெக்டரிகளின் மேல்மாடிகளில் சாக்குத்துணித் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தது காற்று இலையின் எல்லாப் பக்கமும் படத்தான். வீட்டில் சுத்தமான துணியிலோ பாயிலோ இலை ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் நிழலில் பரப்புங்கள். வெயில் வேண்டாம், அடுப்புச் சூடும் வேண்டாம். 12 முதல் 18 மணித்தியாலம் எடுக்கலாம். ஆனால் மணிக்கூட்டை நம்பாதீர்கள். பனி மூடிய மார்கழி இரவும் காற்றடிக்கும் ஆடிப் பகலும் ஒன்றாகாது. தராசில் வையுங்கள். ஒரு கிலோவாக இருந்தது 500 முதல் 550 கிராமுக்கு இறங்கியதும் வாட்டம் சரி. காம்பை வளைத்தால் ஒடியாது, கைப்பிடியில் அழுத்தி விட்டால் உருண்டையாகவே நிற்கும். 700 கிராமில் அவசரப்பட்டு உருட்டினால் சாறு வழிந்து வீணாகும். 400 கிராமுக்கு விட்டுவிட்டால் இலை சுருளாது, நொறுங்கும்.

உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த கேட்டகின்களும் நொதியும் கலந்து ஒட்சிசனோடு வேலை தொடங்குகின்றன. மெல்லத் தொடங்கி, அழுத்தம் கூட்டி, அரைமணி நேரம் உருட்டுங்கள். இடையிடையே கட்டிகளைப் பிரித்துச் சல்லடையில் போடுங்கள். கீழே விழும் முதல் தூளை வேறாக வையுங்கள். அது விரைவில் புளிக்கும், விரைவில் உலரும். பெரிய இலையோடு சேர்த்து வைத்தால் ஒன்று கருகும்போது மற்றது பச்சையாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் சுவை மாறுவதற்கு இதுவே முக்கிய காரணம் என்று நினைக்கிறேன்.

புளிக்கும் நேரத்தை உருட்டத் தொடங்கிய நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். இரண்டு விரல் தடிப்புக்கு மேல் குவிக்காமல், ஈரத்துணியால் மூடி, 20 முதல் 27 பாகை செல்சியஸ் அறையில் வைத்தால் இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் போதும். குளிரில் நேரம் கூடும். முதலில் உருவாகும் தியாஃபிளேவின் சாயத்துக்குப் பளிச்சென்ற துடிப்பைத் தரும். நேரம் போகப்போக அது குறைந்து, நிறமும் திடமும் தரும் தியாருபிஜின் பெருகும். செம்பு நிறம் வந்து, பச்சை வாடை மறைந்து, பழவாசனை எழும்போதே அடுப்புக்கு எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்’ என்று வைத்திருந்தால் சாயம் மங்கிச் சப்பென்றாகிவிடும். அறைச் சூட்டையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

உலர்த்தத் தொடங்கியதும் நொதி விரைவில் அடங்க வேண்டும். ஒவன் இருந்தால் 100 பாகையில், மெல்லிய படையாக, கதவைச் சற்றுத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். தாச்சியில் செய்வதானால் மெல்லிய தீயில், கைப்பிடி கைப்பிடியாக, கை ஓயாமல் கிளறுங்கள். சூடு மிகக் குறைந்தால் இலை வெந்துபோகும். மிகக் கூடினால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். விறகுப் புகை வேண்டவே வேண்டாம், தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆறவிட்டு நிறுங்கள். 230 கிராமுக்கு மேல் நின்றால் மறுபடி தட்டில் பரப்புங்கள்.

ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் ஒப்பிடச் சுவைக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச நியமத்தின் அளவு 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். பாலும் சீனியும் சேர்க்காமல் குடித்துப்பாருங்கள். முந்திய தொகுதியில் ஒரு பிடியை எடுத்துவைத்துப் பக்கத்தில் ஊற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். ஏதாவது ஒன்றை மாற்றுவதானால், வாட்டமோ புளிக்கும் நேரமோ, ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

செடியிலும் இலையிலும் சந்தேகம் இருந்தால் ஹந்தானையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது, போய்க் கேளுங்கள். அதே மலையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய உருட்டு இயந்திரங்களையும் பார்க்கலாம். வீட்டுக்கு என்றில்லாமல் விற்பதற்குச் செய்ய நினைத்தால், முதல் கிலோவுக்கு முன்பே தேயிலைச் சபையில் பதிவு பற்றி விசாரித்துவிடுங்கள்.