சின்சே கடைப் பொட்டலமும் சில நம்பிக்கைகளும்

சிங்கப்பூரில் எந்த அடுக்குமாடி வட்டாரத்தில் இறங்கினாலும் ஒரு சீன மருந்துக் கடை கண்ணில் படும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். வேர், பட்டை, விதை என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். "மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா வத்த வச்சுக் குடிங்க" என்று ஒரு பக்குவமும் சொல்வார்கள். கஷாயம் குடித்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியம் எதுவும் தெரிவதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் பலதுறை மருந்தகத்துக்கு ஒரு நடை, சின்சே எனப்படும் சீன வைத்தியரிடம் ஒரு நடை என்று போய்வருகிறார்கள்.

அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 1867-இல் தொடங்கிய தோங் சாய் மருத்துவ நிலையம் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தது, மருந்தும் கொடுத்தது. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊசியையும் மூலிகையையும் சுற்றி வளர்ந்திருக்கும் பேச்சுகளில் சில, ஆளையே கொண்டுபோய்விடக் கூடியவை. முதலில் அவற்றைப் பார்த்துவிடலாம்.

"வேரும் இலையும்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?"

இந்த ஒரு நம்பிக்கை செய்திருக்கும் கேட்டை வேறு எதுவும் செய்ததில்லை.

1990-ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம். உடல் இளைப்பதற்கான ஒரு சிகிச்சையகத்தில், பெண்களுக்குக் கொடுத்துவந்த மாத்திரைகளோடு சீன மூலிகைப் பொடியையும் சேர்த்தார்கள். சேர்க்க நினைத்தது ஹான் ஃபாங் ஜி என்ற வேர். வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி. பெயரில் நெருக்கம், செடியில் உறவே இல்லை. இரண்டாவதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது. இரண்டே ஆண்டுகளில், அதுவரை எந்த நோயும் இல்லாத பெண்கள் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். கணக்கு நூறைத் தாண்டியது. பலருக்கு டயாலிசிஸ், பலருக்கு மாற்றுச் சிறுநீரகம். கொடுமை அதோடு நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரைச் சோதித்தபோது, 18 பேருக்கு அங்கே புற்றுநோய் தொடங்கியிருந்தது. 2000-இல் வெளிவந்த ஆய்வின் கணக்கு இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இந்த அமிலத்தை வைத்திருக்கிறது.

"அது சீனத்துச் செடி, நம்முடையது அப்படியில்லை" என்று நினைக்க வேண்டாம். நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனச் செடிகள். அதே அமிலம் அவற்றிலும் உண்டு. நாட்டு மருந்து என்று சொல்லி யாராவது பொடியாகக் கொடுத்தால் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு ஆபத்து மூலிகையே இல்லாத மூலிகை மருந்தில் இருக்கிறது. மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை. டப்பாவில் செடிப் படமும் சீன எழுத்தும் இருக்கும். தெரிந்தவர் எல்லை தாண்டிப் போனபோது வாங்கிவந்தது, அல்லது இணையத்தில் வரவழைத்தது. இரண்டு வேளை போட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பு வந்தாற்போல இருக்கும். சில மாதங்களில் முகம் உப்பி வட்டமாகும், சர்க்கரை ஏறும், தோல் லேசாகி தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயந்துபோய் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். நிறுத்தியதும் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

கலப்படமே இல்லாத, நேர்மையான கடையில் வாங்கிய நல்ல மூலிகைக்கும் வேலை செய்யும் குணம் உண்டு. வேலை செய்வது, மற்ற மருந்தின் வேலையில் குறுக்கிடவும் செய்யும். இதயத்துக்கு நல்லது என்று சீனர்கள் போற்றும் டான்ஷென் வேரும், பெண்களுக்குச் சத்து என்று கொடுக்கப்படும் டாங் குவையும், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தைக் கூட்டி, ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடக்கூடும். சீன மருந்துச் சீட்டுகளில் மிக அதிகமாக இடம்பெறும் பொருள்களில் ஒன்று நம் அதிமதுரம். தொண்டைக்கு இதமானதுதான். நாள்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர், மருந்து ஏன் கேட்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருப்பார்.

"ஊசி எல்லா நோயையும் போக்கும்" – "அதெல்லாம் வெறும் மனப்பிரமை"

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன்தான்; மருந்தேற்றும் ஊசியைப்போல உள்ளே குழாய் கிடையாது. செருகும்போது பலருக்குச் சுருக்கென்றுகூட இருப்பதில்லை. உள்ளே போனதும் லேசாகத் திருகுவார்கள். அந்த இடத்தில் மந்தமாக ஒரு கனம், ஒரு விறுவிறுப்பு. அதன்பின் இருபது, முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

இதில் பலன் உண்டா என்று ஜெர்மனியில் பெரிதாகச் சோதித்தார்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேர், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு முறைப்படியான ஊசி. இன்னொன்றுக்குப் பொய் ஊசி: புள்ளி இல்லாத இடத்தில், மேலோட்டமாக. மூன்றாவதற்கு வழக்கமான மாத்திரையும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி குத்தியவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். பொய் ஊசியில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. முடிவு வெளிவந்தது 2007-இல்.

நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த மூன்று எண்களில் தமக்குப் பிடித்த இரண்டை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள். மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஊசி வைத்துக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது உண்மை. எந்தப் புள்ளியில் குத்தினார்கள் என்பது சொல்லப்படும் அளவுக்கு முக்கியமில்லை என்பதும் உண்மை. பின்னால், 39 ஆய்வுகளில் பங்கெடுத்த 20,827 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வந்த பகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: முதுகு, கழுத்து, முழங்கால், தலைவலி போன்ற நாட்பட்ட வலிகளில் பொய் ஊசியைவிட மெய் ஊசி சற்றே மேல், ஊசியே இல்லாததைவிட நன்றாகவே மேல். பலனும் ஓராண்டு வரை பெரிதாகக் குறையவில்லை.

வல்லுநர்களே ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009-இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. 2016-இல் வேண்டாம் என்றது. 2021-இல், தெளிவான காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு முயன்று பார்க்கலாம் என்றது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறம் உள்ள நெய்குவான் புள்ளியைத் தூண்டுவது உதவுகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

என் கருத்து இது. வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும் ஓர் அம்மாவுக்கு, பதிவுபெற்ற கைகளில் சில முறை ஊசி வைத்துப் பார்ப்பது நியாயமான முயற்சி. வலிக்கும் குமட்டலுக்கும் கிடைத்த இந்தச் சான்றை நீட்டி இழுத்துச் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் பேசுவது அநியாயம்.

"சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல் ஊசியிலேயே ஆபரேஷன் செய்தார்கள்"

இந்தப் பேச்சோடு எப்போதும் ஒரு பெயர் வரும்: ஜேம்ஸ் ரெஸ்டன், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர். 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது வழக்கமான மரத்துப்போகும் ஊசி மருந்து போட்டுத்தான். அதை அவரே எழுதியிருக்கிறார். அதன்பின் இரண்டாம் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மூன்று ஊசிகள் வைத்தார்கள்; வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் உப்புசம் குறைந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனார். கதை வாய்க்கு வாய் வளர்ந்து, கத்தி வைத்ததே ஊசியின் பலத்தில்தான் என்று ஆகிவிட்டது.

"ஐயாயிரம் வருஷத்து வைத்தியம், தப்பாகுமா?"

சாங்ஷா நகருக்கருகே மாவாங்துய் என்ற இடத்தில் பொ.ஆ.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1970-களில் தோண்டினார்கள். கிடைத்த மருத்துவச் சுவடிகளில் உடலில் ஓடும் தடங்கள் பற்றி இருக்கிறது, சூடு வைப்பது பற்றி இருக்கிறது. ஊசி வைத்தியம் இல்லை. 1822-இல் சீனப் பேரரசரே தம் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை நீக்கினார். இன்று நாம் காணும் மெல்லிய எஃகு ஊசியும், ரத்தக் குழாயைத் தவிர்த்து நரம்பு வழி ஒட்டிய புள்ளிகளும் இருபதாம் நூற்றாண்டில் செங் தான்-ஆன் போன்றவர்கள் சீர்திருத்தியவை. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ, செங்டு நகரங்களில் இதற்கென அரசுக் கல்லூரிகள் வந்ததே 1956-இல்தான். பழையது என்பதற்காகவே நம்பச் சொல்கிறவர்கள், இந்த வைத்தியம் தன்னைத் தானே எத்தனை முறை திருத்திக்கொண்டது என்பதைச் சொல்வதில்லை.

அந்தத் திருத்தும் குணத்துக்கு நல்ல சான்று தூ யூயூ. 2015-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர். "சீன வைத்தியத்துக்கே நோபல் கிடைத்துவிட்டது" என்று இவரைக் காட்டித்தான் சொல்கிறார்கள். வியட்நாம் போர்க்காலத்தில், 1967 மே 23 அன்று, மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைச் சீன அரசு தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ பழைய ஏடுகளைப் புரட்டினார். சிங்ஹாவ் என்ற செடியின் சாறு சோதனையில் ஒரு நேரம் பலித்தது, ஒரு நேரம் பலிக்கவில்லை. நாலாம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அடுப்பில் வற்றவைக்கும் வழக்கமே மருந்தைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் அங்கே பிறந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார்; 1971 அக்டோபரில் 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முழுமையாக அழித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் தாமே உட்கொண்டு பார்த்தார். அந்த ஆர்ட்டெமிசினின் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. ஏடு அவருக்கு ஒரு குறிப்பைத் தந்தது. அதைச் சோதித்து, கழித்து, அளவு கண்டு, பாதுகாப்பைப் பார்த்த பிறகே அது மருந்தாயிற்று.

"நாடி பிடித்தாலே போதும், டெஸ்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்"

சிங்கப்பூரில் சின்சேக்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கான வாரியத்தில் பதிவுசெய்தே தொழில் செய்ய முடியும். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டாலே நோய் தீரும், ரத்தப் பரிசோதனையே வியாபாரம், இன்சுலினே விஷம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தையின் தாயும் இருப்பாள். அந்தக் குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாள்களிலேயே உயிர் போய்விடும். வலிப்பு மாத்திரையும் இதய மாத்திரையும் அப்படியே. இவற்றை நிறுத்தச் சொல்கிறவருக்கு வைத்தியர் என்ற பெயரே தகாது.

ஊசி வைத்துக்கொள்ளப் போகிறீர்களா? உறை பிரிக்காத ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கிறாரா என்று பாருங்கள். முன்பு ஊசியைத் திரும்பப் பயன்படுத்திய இடங்களில் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுவதையும் கர்ப்பமாக இருப்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். தோளிலோ மார்பிலோ ஊசி வைத்த அன்று மூச்சு விடும்போது நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அபூர்வமாக ஊசி நுரையீரல் வரை எட்டிவிடுவது உண்டு.

அடுத்த முறை அம்மாவையோ மாமாவையோ பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போது, சமையலறை அலமாரியில் இருக்கும் சீன மருந்துப் பொட்டலம், நாட்டு மருந்துப் பொடி, வலி மாத்திரை டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரின் மேசையில் வையுங்கள். "டாக்டர் திட்டுவார்" என்று அவர்கள் மறைத்துவைத்தால், திட்டமாட்டார் என்று தைரியம் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டைச் சின்சேயிடமும் காட்டுங்கள்.