பால்மாவும் பச்சிளம் சிறுநீரகமும்

2008ஆம் ஆண்டு சீனாவில், நீர் கலந்த பாலின் புரதக் குறைவை மறைக்க மெலமைன் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டது. புரதத்தை நைட்ரஜன் அளவைக் கொண்டு கணக்கிடும் சோதனை அதனையும் புரதமென்றே காட்டியது. அப்பாலில் செய்த பால்மாவை அருந்திய ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர்.

மெலமைன், குழந்தையின் சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்துடன் இணைந்து கற்களாகப் படிகிறது. இக்கற்கள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும். இருபுறச் சிறுநீர்ப் பாதையும் அடைபட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். ஆயினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையின்றியே கற்கள் வெளியேறின.

குழந்தையால் வலியைச் சொல்ல இயலாது. சிறுநீர் கழிக்கையில் அழுதல், சிறுநீர் சிவத்தல், அதன் அளவு குறைதல், முகம் வீங்குதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் தாமதியாது மருத்துவரை அணுகுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். பால்மா டப்பாவையும் உடன் கொண்டுவாருங்கள்.