பிள்ளை மடுவத்துப் பாடம்

வாசிக்க: மாற்கு 10:13–16

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களில் தாய்மார் பிரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப்பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் காணி திருத்தியவர்களுக்கும் இது நினைவிருக்கும். புதுப்பிள்ளை சில நாள் அழும். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வருவாள் என்று பிறகு அதற்குத் தெரிந்துவிடும். யாரும் சொல்லித் தெரிவதல்ல, அவள் தினமும் வந்ததால் தெரிகிறது. விசுவாசமும் இப்படித்தான் வளர்கிறது.

பிள்ளைகள் மாசற்றவர்கள் என்று பிரசங்கிப்பது சுலபம். ஆயாவைக் கேளுங்கள்: கடிப்பார்கள், பறிப்பார்கள்! இயேசு கண்டது வேறு. பசித்த பிள்ளை தன் தகுதியைப் பார்ப்பதில்லை, கையை நீட்டுகிறது. நிவாரண வரிசையில் கூசி நிற்கும் விவசாயிக்கு இது கடினமான பாடம்.

அங்கே இயேசு கோபித்தது, பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீடர்களிடம்.

கலந்து பேச: பெற்றோர் கூலிக்குப் போகும் நேரத்தில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்?