சட்டம் அறிவோம்: கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாமும் போகலாம்



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் ஊரில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊருக்கு மேற்கே கல்குவாரி வரப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. அதற்கு முன்னால் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருப்பது குழுவில் யாருக்கும் தெரியாது. உறுப்பினர் ஒருவரின் மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்க நூலகம் போகிறவள். அங்கே பழைய பேப்பரைப் புரட்டும்போது அறிவிப்பைப் பார்த்து, வீட்டில் வந்து சொன்னாள். நாளை எண்ணிப் பார்த்தால் கூட்டத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி.

இந்தச் சட்டம் எப்படி வந்தது? 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய தொழிற்சாலை, சுரங்கம், அணை போன்றவை வருமுன் அதனால் நிலம், நீர், காற்றுக்கு என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்பது 1994-ல் வந்த அறிவிக்கை. மக்களைக் கேட்க வேண்டும் என்பது 1997-ல்தான் அதில் சேர்ந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வந்த அறிவிக்கை. அதில் இதுவரை எத்தனையோ திருத்தங்கள்!

அந்த அறிவிக்கைப்படி கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருக்குப் பதிலாக ஓர் உயர் அதிகாரி தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் அதைப் பார்க்கலாம். நேரில் போக முடியாதவர்கள் எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம்.

ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். நம் குழுக் கூட்டத்துக்குப் போதுமான பேர் வராவிட்டால் தீர்மானம் போட மாட்டோம். இந்தக் கூட்டத்துக்கு அப்படிக் கணக்கு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் தொடங்கலாம் என்று விதி இல்லை. யாருமே போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகத்தான் எழுதப்படும். ‘நாம போகலேன்னா குவாரி வராது’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

அந்த ஊருக்கு வருவோம். எட்டு நாளில் இரண்டு பேர் ஆட்சியர் அலுவலகம் போய்த் தமிழ்ச் சுருக்கத்தைப் பார்த்து, வேண்டியதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள நீர்நிலைகள் என்ற பட்டியலில் ஊர் ஊருணி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிற தண்ணீர்! கூட்டத்தன்று பந்தல், நாற்காலி, காபி எல்லாம் இருந்தது. முதலில் ஆண்கள்தான் பேசினார்கள், நேரமும் ஆகிவிட்டது. நம் குழுத் தலைவி எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கி, “எங்க ஊருணி இந்த அறிக்கையில ஏன் இல்ல? குண்டு வச்சு உடைச்சா ஊத்து அடைஞ்சு போகாதா?” என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் பார்க்கிறோம் என்றார்கள்.

பாதிப் பேர் கலைந்த பிறகுதான் முக்கியமான கட்டம் வந்தது. அன்று பேசியதை எல்லாம் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, அதன் பிறகே அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வாசித்தபோது வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டது இருந்தது, ரோடு பற்றிக் கேட்டது இருந்தது, ஊருணி இல்லை. தலைவி மறுபடி எழுந்தார். “ஐயா, நான் கேட்டது விட்டுப்போச்சு. சேத்து எழுதுங்க.” சேர்த்து எழுதினார்கள். தீர்மான நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடப்பதில்லை, அனுமதி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குப் போவது எழுதிய தாள்தான். எழுத்தில் உள்ள கேள்விக்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குவாரிக்கு இன்னும் முடிவு வரவில்லை.

இந்த உரிமையும் அப்படியே இருந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு தேடும் ஆய்வுப் பணிகளை மத்திய அரசு வேறு பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டமே தேவையில்லை. காவிரி டெல்டாவில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போட்டது. ஏற்கெனவே நடப்பவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

அதே 2020-ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில், 2006 அறிவிக்கைக்குப் பதிலாகப் புது வரைவு ஒன்று வந்தது. 30 நாள் அறிவிப்பை 20 நாளாகக் குறைப்பதும் அதில் இருந்தது. எட்டு நாள் மிஞ்சியதற்கே அந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்தோம். பத்து நாள் குறைந்திருந்தால் பெண் பேப்பரைப் பார்த்த அன்று கூட்டமே முடிந்திருக்கும். அந்த வரைவை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியிட்டார்கள். 22 மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் போனது. நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் கருத்து எழுதி அனுப்பினார்கள். அந்த வரைவு சட்டமாகவில்லை.

ஆனால் திருத்தங்கள் தனித்தனியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. ரோடு, ரயில் பாதை போடுவதற்கு மண் அள்ள அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21-ல் ரத்து செய்தது. இடையில் நான்கு வருஷம்! அள்ளிய மண் திரும்பி வரப்போகிறதா?

அனுமதி கொடுத்துவிட்டாலும் வழி முழுசாக அடைபட்டுவிடாது. 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் மேற்கொண்டு 60 நாள் வரை ஏற்றுக்கொள்ள இடமுண்டு, அதற்கு மேல் கிடையாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயம் பேசுங்கள். வாரம் ஒருநாள் நூலகம் போய்ப் பத்திரிகை அறிவிப்புகளைப் பார்க்க யாருக்கு முடியும்? உங்கள் ஊரில் குடிக்க, குளிக்க, மாடு கழுவ, வயலுக்குப் பாய்ச்ச என்று எத்தனை நீர்நிலைகள் உள்ளன? ஊருணி, குளம், கிணறு, ஓடை என்று பெயரோடு தீர்மான நோட்டில் எழுதி, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.