மலை முகாமுக்கு ஏற்ற மின்னாக்கி

நம் சங்கத்து நண்பர்களில் நிலவியலும் தாவரவியலும் பயில்வோர் பலர். கோடை வந்துவிட்டால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் களப்பணிக்குப் புறப்படுவது அவர்களுக்கு வாடிக்கை. புறப்படுவதற்கு முந்திய வாரம் விடுதி அறைகளில் தவறாமல் ஒரு கேள்வி எழும்: "ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட் எடுக்கலாம்?" அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மின்னாக்கி என்று நான் தமிழில் எழுதுகிறேன். கடையில் ஜெனரேட்டர் என்றே கேளுங்கள்!

முதலில், எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நாங்கள் பன்னிருவர் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் முகாமிட்டிருந்தோம். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று 3 கிலோவாட் மின்னாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தோம். மூன்றாம் நாள் இரவு பனி பெய்யத் தொடங்கியது. இயந்திரம் நனைந்துவிடக் கூடாதென்று, அதைக் கூடார வாயிலின் மறைப்புக்குள் இழுத்து வைத்தோம். மின்கணப்பு ஒன்றை எரியவிட்டுப் படுத்துவிட்டோம். நள்ளிரவில் இருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு வாந்தி. "மலை நோய்தான், விடிந்தால் சரியாகிவிடும்" என்று சொன்னவன் நானே.

வண்டியில் படுத்திருந்த ஓட்டுநர் தற்செயலாக விழித்து வந்தார். வயதில் மூத்தவர், அந்த மலைப்பக்கத்துக்காரர். ஒரு கணமும் தாமதியாமல் இயந்திரத்தை நிறுத்தினார். எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வெளியே பனியில் கொண்டுவந்து நிறுத்தினார். மூவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் பிழைத்தோம். இன்னும் ஒரு மணி நேரம் உறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க இன்றும் மனம் துணியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

எரிபொருள் முழுமையாக எரியாதபோது பிறப்பது கார்பன் மோனாக்சைடு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு நடக்கும், ஆயினும் உடலுக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், மயக்கம், சோர்வு ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். மலை நோயின் அறிகுறிகளும் இவையே அன்றோ! மலையிலே ஏமாறுவது இதனால்தான்.

மேலும் ஒன்று. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சமவெளிக்கெனச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், அங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை எஞ்சினுக்குள் விடுகிறது. பெட்ரோல் மிஞ்சினால் நஞ்சும் மிகும். கீழே ஓடிய அதே இயந்திரம் மேலே போனால் கூடுதல் ஆபத்துடையது என்பதை மறவாதீர்.

கணக்கு எங்கே தொடங்க வேண்டும்?

கடையில் அன்று, கணக்கைத் தாளில் போடுங்கள். பன்னிருவர் முகாமுக்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு?

எல்.இ.டி. விளக்குகள் 6, தலைக்கு 10 வாட்: 60 வாட்.
கைபேசிகள் 12, தலைக்கு 10 வாட்: 120 வாட்.
மடிக்கணினிகள் 4, தலைக்கு 60 வாட்: 240 வாட்.
ஆக மொத்தம் 420 வாட்.

இத்துடன் ஆசைகள் வந்து சேரும். மின்கெண்டி 1,500 வாட். கணப்பு 1,000 வாட். ஓடையிலிருந்து நீர் ஏற்ற அரைக் குதிரைத்திறன் பம்பு ஓடும்போது 500 வாட்தான் இழுக்கும். ஆனால் மோட்டார் புறப்படும் கணத்தில் அதைப்போல் மும்மடங்கு கேட்கும். பெரிய மின்னாக்கியை நம் தலையில் கட்டுபவை இந்த மூன்றுமே. வெந்நீருக்கு எரிவாயு அடுப்பு உண்டு. குளிருக்கு நல்ல உறக்கப்பை உண்டு. தண்ணீருக்குக் கையும் குடமும் உண்டு. மூன்றையும் அடித்துவிடுங்கள்.

அடுத்து உயரத்துக்கான கழிவு. சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3.5 சதவீத ஆற்றலை இழக்கிறது. 3,600 மீட்டரில் இழப்பு 42 சதவீதம். அதாவது 1,000 வாட் இயந்திரம் அங்கே 580 வாட்தான் தரும். நமக்கு வேண்டியது 420. ஆகவே ஒரு கிலோவாட் இயந்திரமே போதும்! நாங்கள் கொண்டு சென்ற 3 கிலோவாட்டில் பெரும்பகுதி வீண் சுமை.

பெயர்ப்பலகையைப் படிக்கும் முறை

இயந்திரத்தின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் உள்ளது உச்ச அளவு. சில நொடிகளுக்கு மட்டுமே அதைத் தாங்கும். தொடர்ந்து தரக்கூடிய அளவு சிறிய எழுத்தில் இருக்கும். கணக்குக்கு அதையே கொள்ளுங்கள். கே.வி.ஏ. என்று எழுதியிருந்தால் அது கிலோவாட் ஆகாது. திறன் காரணி 0.8 ஆனால், 1 கே.வி.ஏ. என்பது 800 வாட்தான்.

பழைய வகை இயந்திரம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்காக, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றாக வேண்டும். இன்வெர்ட்டர் வகையோ மின்சாரத்தை முதலில் நேர்மின்னாக்கி, பின் மின்னணுச் சுற்றுகளால் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னாக வடிக்கிறது. ஆகவே சுமை குறைந்தால் எஞ்சினும் வேகம் குறைந்து ஓடும். பெட்ரோலும் ஓசையும் குறையும். மடிக்கணினிக்கும் அதுவே உகந்தது. விலை அதிகம் என்பது மெய்தான். ஆனால் ஒரு கிலோவாட் இன்வெர்ட்டர் வகையின் எடை சுமார் 13 கிலோ, 3 கிலோவாட் பழைய வகையின் எடை 40 கிலோவுக்கும் மேல். பாறை வழியில் தூக்கிப் போகிறவருக்கு இந்த வேறுபாடு நன்கு விளங்கும்.

தொலைவுக்கு விலை இல்லை

மின்னாக்கியைக் கூடாரத்திலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசும் இடத்தில், புகைபோக்கி எதிர்த்திசை பார்க்க வைக்க வேண்டும். நான் 25 மீட்டர் என்பேன். "கம்பி நீண்டால் மின்சாரம் வீணாகாதா?" என்று கேட்பீர்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், போக வர 50 மீட்டருக்குத் தடை சுமார் 0.6 ஓம். 420 வாட் சுமைக்கு ஓடும் மின்னோட்டம் 2 ஆம்பியருக்கும் குறைவு. இழப்பு சுமார் 1 வோல்ட்; 230 வோல்ட்டில் அது ஒரு பொருட்டே அன்று. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் ஓசை 6 டெசிபல் குறைவது கூடுதல் ஆதாயம்.

மழைக்கும் பனிக்கும் நாற்புறமும் திறந்த சிறு கூரை அங்கேயே போடுங்கள். எக்காரணத்தாலும் கூடாரத்தை நோக்கி இழுத்து வராதீர். பெட்ரோல் ஊற்றுமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். உறங்கும் கூடாரத்தில் பாட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தொங்கட்டும்.

இரவில் ஓடாத இயந்திரம்

நான் கண்ட முடிவு இதுதான்: எல்லோரும் விழித்திருக்கும்போது வேலையை முடித்துவிட்டு, உறங்குமுன் நின்றுவிடும் மின்னாக்கியே முகாமுக்கு ஏற்றது. மாலை ஆறு மணிக்கு ஓட்டி ஒன்பதுக்கு நிறுத்துங்கள். மூன்று மணி நேரத்தில் கைபேசியும் கணினியும் நிறைந்துவிடும். 420 வாட் வீதம் செலவு ஏறத்தாழ 1.3 யூனிட், சிறு இயந்திரத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் 1 முதல் 1.5 யூனிட் வரை தரும். நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர் போதும். இரவு முழுதும் கணப்பு எரித்த நாங்களோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு எரித்தோம். இரவு விளக்குக்குச் சிறு பாட்டரி ஒன்று போதும். லித்தியம் பாட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றலாகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு எழுதியபின் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி தம் ஜெனரேட்டரைக் கடைப்படிக்கு வெளியே, சாலையோரத்தில்தான் வைத்து ஓட்டுவார். கொட்டும் மழையிலும் மேலே ஒரு தகரம் வைப்பாரே தவிர, உள்ளே கொண்டுவர மாட்டார். பத்து வயதில் நாள்தோறும் பார்த்த பாடம். மலைமேல் போனதும் எனக்கு மறந்துவிட்டது.

இந்தக் கோடையில் புறப்படும் தம்பி தங்கையர் அதை மறவாதிருக்க வேண்டும். முகாமில் யாருக்காவது தலை வலித்தால் மலை நோய் என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவ உதவி தேடுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.