இன்னொரு ஸ்லாட் ஏன் காலி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சர்வீஸ் குறிப்பை நேற்று ராத்திரி படித்தேன். 2015-ஆம் வருஷத்து லேப்டாப், ஐ5-5200யூ பிராசஸர், ஜிடிஏ 5 ஸ்டக் ஆகிறது என்று கொண்டுவந்த காலேஜ் பையன், 4 ஜிபி ரேமைக் கழற்றிவிட்டு 8 ஜிபி. 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தானா என்று பார்த்தாயா, பேட்டரியைக் கழற்றினாயா என்றெல்லாம் உன்னிடம் கேட்க மாட்டேன்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறு. அந்த போர்டில் இரண்டு ஸ்லாட். ஒன்றில் 8 ஜிபியைச் செருகிவிட்டு மற்றதைக் காலியாக விட்டு மூடியிருக்கிறாய். கழற்றிய 4 ஜிபி டிராயரில் பத்திரமாக இருப்பதாக வேறு எழுதியிருக்கிறாய். ஏன் தம்பி?

அந்த லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸரோடு வரும் எச்டி 5500 கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை. நாம் போடும் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பிராசஸரும் அதுவும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு சேனல். 1600 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 12.8 ஜிபி கடத்தும். இரண்டு சேனலும் ஓடினால் 25.6. தனி கார்டு உள்ள லேப்டாப்பாக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நான் ரிச்சி தெருவில் வேலை பழகியபோது இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பென்டியம் போர்டில் 72 பின் சிம் ரேமை ஜோடியாகத்தான் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் திரையே வராது. 486-இல் 30 பின் என்றால் நான்கு வேண்டும். எங்கள் முதலாளி ஜோடி ஜோடியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருப்பார். ஒற்றையாக விற்றவன் அன்றைக்கு முழுக்கத் திட்டு வாங்குவான். டிம் ரேம் வந்தபிறகு ஒன்று போட்டாலும் பூட் ஆகிவிடுகிறது, நாமும் ஜோடியை மறந்துவிட்டோம். கடை கடையாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சராசரி எஃப்பிஎஸ் மட்டும் எழுதியிருக்கிறாய், அதுவும் உறுத்துகிறது. 4 ஜிபியில் இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் தள்ளித் தள்ளி எடுக்கும்போது படம் உறைந்து நிற்கும். பையனைப் படுத்தியது அதுதான். சராசரியில் அது தெரியாது. மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் அடிமட்ட எண்ணில்தான் தெரியும். 16 போட்டால் இன்னும் பறக்கும் என்று வேறு அவனுக்கு ஆசை காட்டியிருக்கிறாய். 2015-இல் பிசிக்கு வந்த அந்த கேமுக்கு ராக்ஸ்டார் பரிந்துரைத்ததே 8 ஜிபிதான்.

ஆனால் ரேமைத் தொடும் முன்னால் ஃபேன் தூசியை எடுத்து, பேஸ்ட் மாற்றி, அந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒரு தடவை ஓட்டி அளந்திருக்கிறாயே, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேமில் அதே மிஷன், அதே செட்டிங். எந்த வேலையால் எவ்வளவு கூடியது என்று இப்படிப் பிரித்துப் பார்த்தவனை இந்தத் தெருவில் நான் கண்டதில்லை. எனக்கு அந்த வயதில் இந்தப் புத்தி இருந்ததில்லை, சத்தியமாக.

பையனைக் கூப்பிடு. டிராயரில் இருக்கும் 4 ஜிபியைக் காலி ஸ்லாட்டில் போடு, காசு வாங்காதே. 4-க்கு 4 ஜோடி சேர்ந்து 8 ஜிபி வரை இரண்டு சேனலில் ஓடும், மிச்சம் 4 ஒற்றையில் ஓடட்டும். சிபியூ-இசட்டில் டூயல் என்று காட்டுகிறதா பார். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடட்டும். பிறகு அதே மிஷனை ஓட்டி, அடிமட்ட எண்ணையும் சேர்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்