கவாத்துக் குச்சியில் புதுத் திராட்சைக் கொடி

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைக் குச்சி நட்டுத்தான் வளர்க்கிறார்கள். வீட்டிலும் அப்படியே வளர்க்கலாம்.

● கவாத்தில் கழித்த குச்சிகளில் பழுப்பேறி முற்றிய, பென்சில் பருமனுள்ளவற்றை எடுங்கள். பச்சைத் தண்டு எளிதில் அழுகிவிடும்.

● குச்சிக்கு 3 அல்லது 4 கணுக்கள் போதும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், நுனியைக் கணுவுக்கு மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட மாட்டீர்கள்.

● செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பையில் நிரப்புங்கள். 2 கணுக்கள் மண்ணுக்குள் இருக்கட்டும்.

● பையை நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக்கூடாது.

● தளிர் விட்டதும் வேர் பிடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலேயே முதல் இலைகள் வந்துவிடும். இழுத்துப் பார்த்தால் இளவேர் அறுந்துபோகும்.

● நன்கு வேர் பிடித்த கன்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, ஜூன், ஜூலையில் நிலத்திலோ பெரிய தொட்டியிலோ நட்டுப் பந்தலில் ஏற்றுங்கள்.

குச்சியில் வளரும் கொடி தாய்க்கொடியின் ரகமாகவே இருக்கும். ஆகவே, பழத்தை ருசி பார்த்த கொடியிலிருந்தே குச்சி வாங்குங்கள்.